நான்கு சுற்று கூடுதல்: பழைய காருக்கு ஒரு பின்னச்சு

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். அங்கே ஒரு வீட்டு வாசலில், வேப்பமரத்தடியில், 1970-களில் வாங்கிய அம்பாசடர் ஒன்று நிற்பதாக வைத்துக்கொள்வோம். தாத்தா வாங்கியது, அப்பா ஓட்டியது, இப்போது பேரன் கையில் இருக்கிறது. சில மாதங்களாக வேகம் கூடும்போது பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஓர் ஊளைச் சத்தம் வருகிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு சுருதி, காலை எடுத்தால் வேறு சுருதி. மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று போய் வந்து சொல்கிறார்: "ஹப் பேரிங்கா இருந்தா வண்டியத் திருப்பும்போது சத்தம் மாறும். இது மிதிக்கும்போதும் விடும்போதும் மாறுது. கிரவுன் தேஞ்சிடுச்சு தம்பி."

பேரனுக்கு முன்னால் மூன்று வழிகள் உண்டு. அதே அச்சைப் பழையபடி சீராக்கலாம். அதே கூட்டுக்குள் வேறு பல் எண்ணிக்கை கொண்ட கிரவுனும் பினியனும் போடலாம். அல்லது வேறொரு வண்டியின் அச்சை முழுசாகக் கழற்றி இதில் ஏற்றலாம். இளைஞன் கேட்கிறான்: "ஜீப் அச்சு போட்டுட்டா முறியவே முறியாதுல்ல அண்ணே?"

இந்த அத்தியாயம் அந்த ஒரு கேள்விக்கான பதில். பதில் தேடி அந்தக் காரிலேயே பயணம் போவோம்: முதலில் அண்ணாமலையைச் சுற்றி, பிறகு அறுவடை முடிந்த வயலுக்கு, கடைசியில் நான்குவழிச் சாலை ஏறிச் சென்னைப் பக்கம்.

ஒரு கூட்டுக்குள் நான்கு வேலை

காரின் அடியில் குனிந்து பார்த்தால், இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவே ஒரு நீண்ட இரும்புக் குழல், அதன் மையத்தில் ஒரு பானை வயிறு. மெக்கானிக்குகள் இதை ஹவுசிங் என்பார்கள். பான்ஜோ என்ற நரம்பிசைக் கருவியின் உருவம் இருப்பதால் இந்த வகைக்கு பான்ஜோ அச்சு என்றே பெயர். இந்தக் கூட்டுக்குள் நான்கு வேலைகள் நடக்கின்றன.

வண்டியின் நீளவாக்கில் சுழன்று வரும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் சுழற்சியைக் குறுக்குவாக்கில் திருப்புவது முதல் வேலை. இஞ்சினின் வேகத்தைக் குறைத்து அதன் முறுக்குவிசையைப் பெருக்குவது இரண்டாவது. அந்த விசையை இரு சக்கரங்களுக்கும் பங்கிடுவது மூன்றாவது. வண்டியின் பின்பாதி எடையைத் தாங்கிக்கொண்டு மேடுபள்ளங்களில் ஏறி இறங்குவது நான்காவது. முதல் இரண்டையும் கிரவுன் என்ற பெரிய பற்சக்கரமும் பினியன் என்ற சிறிய பற்சக்கரமும் செய்கின்றன; மூன்றாவதை டிஃபரன்ஷியல்; நான்காவதை ஹவுசிங்கும் பேரிங்கும் ஸ்பிரிங் பட்டைகளும்.

அச்சை மாற்ற விரும்புகிறவர்கள் பெரும்பாலும் இவற்றில் ஒரு வேலையை மட்டும் மனதில் வைத்திருப்பார்கள். வேகம் வேண்டும் என்பார் ஒருவர், பலம் வேண்டும் என்பார் இன்னொருவர். ஒன்றைத் தொட்டால் மற்ற மூன்றும் அசையும்.

மலையைச் சுற்றி ஒரு பயணம்

முதலில் பங்கிடும் வேலை. காரை எடுத்துக்கொண்டு, கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளில், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒருமுறை சுற்றி வருவோம். மலை எப்போதும் நம் வலப்பக்கம். அப்படியானால் இடப்பக்கச் சக்கரம் வெளிவட்டத்தில் ஓடுகிறது. வலப்பக்கச் சக்கரம் உள்வட்டத்தில். வெளிச்சக்கரம் எவ்வளவு தூரம் கூடுதலாக ஓடியிருக்கும்?

பதினான்கு கிலோமீட்டர் என்றதும் நூறு மீட்டராவது வித்தியாசம் இருக்கும் என்று தோன்றலாம். கணக்கு வேறு சொல்கிறது. வட்டத்தின் சுற்றளவு ஆரத்தைப் போல் 6.28 மடங்கு. வெளிச்சக்கரத்தின் ஆரம், உள்சக்கரத்தின் ஆரத்தைவிட இரு சக்கரங்களின் இடைவெளி அளவுக்கு மட்டும் கூடுதல். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மலையின் அளவு கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறது. மிஞ்சுவது சக்கர இடைவெளியின் 6.28 மடங்கு மட்டும். அம்பாசடரின் பின்சக்கரங்களுக்கு நடுவே சுமார் 1.35 மீட்டர். ஆக வித்தியாசம் ஏறத்தாழ எட்டரை மீட்டர்.

பாதை சரியான வட்டம் இல்லையே, இடமும் வலமுமாக வளைகிறதே என்று கேட்கலாம். வலப்பக்கம் வளையும்போது கூடியது இடப்பக்கம் வளையும்போது கழியும். கடைசியில் வண்டி ஒரு முழுத் திருப்பம் திரும்பியிருக்கிறது. அதற்குரிய எட்டரை மீட்டர் மட்டும் நிற்கும். இந்தக் காரின் சக்கரம் ஒருமுறை உருண்டால் சுமார் 2.04 மீட்டர் நகரும். அதனால் கிரிவலம் முழுவதிலும் சக்கரம் ஏறத்தாழ 6,860 முறை சுற்றுகையில், இடச்சக்கரம் வலச்சக்கரத்தைவிட நான்கே நான்கு சுற்று கூடுதலாகச் சுற்றியிருக்கும். வீட்டு வாசலில் உள்ள வேப்பமரத்தைச் சுற்றி வந்தாலும் அதே நான்கு சுற்றுதான்.

மாட்டுவண்டிக்கும் தேருக்கும் இந்தச் சிக்கல் கிடையாது. அங்கே அச்சு நிலையாக இருக்க, சக்கரங்கள் அதன்மேல் தனித்தனியே உருள்கின்றன. மாடும் வடமும் வண்டியை இழுக்கின்றன. சக்கரத்தை யாரும் சுழற்றுவதில்லை. சக்கரத்தையே சுழற்றி வண்டியை ஓட்டத் தொடங்கியபோதுதான் கேள்வி எழுந்தது: இரண்டு சக்கரங்களையும் ஒரே இஞ்சின் சுழற்ற வேண்டும், ஆனால் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வேண்டும். எப்படி? பிரான்ஸின் ஒனெசிஃபோர் பெக்கர் 1828-இல் நீராவி வண்டிக்கென டிஃபரன்ஷியலுக்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஜேம்ஸ் ஸ்டார்லி 1877-இல் மூன்று சக்கர மிதிவண்டிக்கு அதைக் கொண்டுவந்தார்.

அதன் உள்ளே நடப்பது எளிமையானது. கிரவுன் வீல் தன்னோடு சில சிறு பற்சக்கரங்களைச் சுமந்து சுற்றுகிறது. அவை இரு பக்கத்து ஆக்ஸில் ஷாஃப்டுகளையும் ஒரே நேரத்தில் தள்ளுகின்றன. நேர்ப்பாதையில் சிறு சக்கரங்கள் தம்மைத் தாமே சுற்றிக்கொள்வதில்லை. வளைவில் மட்டும் மெல்ல உருண்டு, ஒரு பக்கம் கொடுத்ததை மறுபக்கம் எடுத்துக்கொள்கின்றன. கிரவுனின் வேகம் எப்போதும் இரு சக்கரங்களின் சராசரி.

சேற்றில் ஒரு சக்கரம் புதைந்தால் அது மட்டும் சுழன்று வண்டி நகராமல் நிற்பதும் இதனால்தான். டிஃபரன்ஷியல் இரு பக்கமும் சமமான முறுக்குவிசையையே தரும். வழுக்கும் சக்கரம் வாங்க முடிகிற சொற்ப விசைதான் மறுசக்கரத்துக்கும் கிடைக்கும். இதற்குப் பயந்து சிலர் டிஃபரன்ஷியலை வெல்டிங் வைத்துப் பூட்டிவிடுவதுண்டு. அப்படிச் செய்தால், வளைவுகளில் சக்கரங்களுக்கு இடையே வரும் வித்தியாசம் முழுவதையும் டயர் தார்ச்சாலையில் தேய்ந்தே தீர்க்க வேண்டும். தேய்க்கும் விசை ஒவ்வொரு திருப்பத்திலும் ஆக்ஸில் ஷாஃப்டை முறுக்கும். சாலையில் ஓடும் காருக்கு இதைச் செய்யவே கூடாது.

எட்டும் முப்பத்தொன்பதும்

அடுத்தது விகிதம். அம்பாசடர் 1950-களின் கடைசியில் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி வங்காளத்தின் உத்தர்பாராவில் பிறந்து, 2014 வரை அங்கேயே உருவானது. அந்த ஆங்கிலேயக் குடும்பத்து அச்சுகளில் பினியனுக்கு 8 பல், கிரவுனுக்கு 39 பல் என்ற ஜோடி உண்டு. பினியன் 4.875 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். 9-க்கு 41 என்றால் 4.556. எம்ஜிபி விளையாட்டுக் காரில் 11-க்கு 43, அதாவது 3.909.

8-க்கு 40 என்று வைத்துச் சுலபமாக ஐந்து என்று முடித்திருக்கலாமே? அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 8-க்கு 40 என்றால், பினியனின் ஒரு பல் கிரவுனின் அதே ஐந்து பற்களைத்தான் காலமெல்லாம் சந்திக்கும். ஒரு பல்லில் சிறு குறை இருந்தால் அந்த ஐந்தும் அதிகம் தேயும். 8-க்கும் 39-க்கும் பொது வகுஎண் இல்லை. அதனால் ஒரு பல், எதிரே உள்ள 39 பற்களையும் ஒவ்வொன்றாகச் சந்தித்த பிறகே பழைய பல்லிடம் திரும்பும். தேய்மானம் எல்லோருக்கும் பொதுவாகிறது. தொழிற்சாலையிலும் கிரவுனையும் பினியனையும் ஒன்றோடொன்று உராயவிட்டு இணைசேர்த்து, இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறிக்கிறார்கள். ஒரு வண்டியின் கிரவுனோடு இன்னொரு வண்டியின் பினியனைச் சேர்த்தால், பல் எண்ணிக்கை பொருந்தினாலும் ஊளைச் சத்தம் நிச்சயம்.

உங்கள் வண்டியில் என்ன விகிதம் என்று புத்தகத்தைப் பார்த்து நம்ப வேண்டாம். ஐம்பது வருடத்தில் யார் எதை மாற்றினார்களோ. முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, கை பிரேக்கை விட்டுவிடுங்கள். ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். சராசரி ஒன்று, ஆக கிரவுன் ஒருமுறை சுற்றியிருக்கும். அதற்குள் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியதோ அதுதான் விகிதம். ஷாஃப்டில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டால் போதும். பத்து மடங்கு சுற்றி எண்ணினால் துல்லியம் கூடும்.

இனி செஞ்சி, திண்டிவனம் வழியாக நான்குவழிச் சாலை ஏறுவோம். மணிக்கு 80 கிலோமீட்டரில் இந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 650 முறை சுற்றுகிறது. டாப் கியரில் புரொப்பெல்லர் ஷாஃப்டும் இஞ்சினும் ஒரே வேகம். 4.875 அச்சில் இஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,190 சுற்று. 3.909 அச்சில் 2,550. நான்கு மணி நேரப் பயணத்தில் இஞ்சின் ஒன்றரை லட்சம் சுற்றுகளுக்கு மேல் மிச்சப்படுத்தும். சத்தம் குறையும், சூடு குறையும், எண்ணெயும் மிஞ்சும். பேரனுக்கு ஆசை வருவது நியாயமே.

ஆனால் அதே வண்டியை ஜவ்வாது மலைப் பக்கம் திருப்பிப் பாருங்கள். ஆட்களோடு 1,500 கிலோ எடை, பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சாலை என்று கொள்வோம். எடையின் இழுப்பும் டயரின் உருளல் தடையும் சேர்ந்து, பின்சக்கரங்களில் ஏறத்தாழ 470 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும். 4.875 அச்சோடு இஞ்சின் தர வேண்டியது 96. பழைய 1,489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் இஞ்சினின் உச்சம் சுமார் 100; மூச்சுப் பிடித்து டாப் கியரிலேயே ஏறிவிடும். 3.909 அச்சோடு வேண்டியது 120. அது இந்த இஞ்சினிடம் இல்லவே இல்லை. கீழ் கியருக்கு இறங்கித்தான் ஆக வேண்டும், சமவெளியில் எதிர்காற்றுக்கும் அதே கதி.

ஆகவே விகிதம் என்பது இஞ்சினோடு சேர்த்துத் தேர்வு செய்ய வேண்டியது. பழைய இஞ்சின் இருக்கும்வரை பழைய விகிதம் அதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. 1990-களில் அம்பாசடரில் வந்த 1.8 லிட்டர் இஸுஸு இஞ்சினைப் போல் விசை கூடிய ஒன்றை ஏற்றியிருந்தால், விகித எண்ணைக் குறைப்பதில் பொருள் உண்டு. குறைந்த சுற்றில் இழுக்கும் டீசல் இஞ்சினை ஏற்றியவர்களுக்கும் அப்படியே. அவர்களும் 4.875-லிருந்து 4.556 போல ஒரு படி இறங்கிப் பார்ப்பது, ஒரேயடியாகத் தாவுவதைவிட நல்லது.

நெல் மூட்டை ஏறினால்

இப்போது பலம். வயலில் நான்கு நெல் மூட்டைகளை வண்டியின் பின்னால் ஏற்றியிருக்கிறார்கள். மூட்டைக்கு 75 கிலோ என்றால் 300 கிலோ. கிளட்சைச் சட்டென்று விட்டதும் 'டங்' என்று ஒரு சத்தம். இஞ்சின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. ஆக்ஸில் ஷாஃப்ட் முறிந்துவிட்டது. மூட்டை எடைதான் முறித்தது என்று எல்லோரும் சொல்வார்கள். எடைக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் அது வேலை செய்த வழி வேறு.

முதல் கியரில் இஞ்சினின் 100 நியூட்டன் மீட்டர், கியர்பாக்ஸில் ஏறத்தாழ 3.8 மடங்காகவும் அச்சில் 4.875 மடங்காகவும் பெருகி, பின்சக்கரங்களில் சுமார் 1,850 ஆகிறது. டயர் அதைச் சாலையில் இறக்க முடியுமா? பின்சக்கரங்களின்மேல் 700 கிலோ எடை இருந்தால், காய்ந்த தார்ச்சாலையில் டயர் தாங்குவது ஏறத்தாழ 1,780. அதற்குமேல் போனால் டயர் வழுக்கிவிடும். இரண்டு எண்களும் எவ்வளவு அருகில் இருக்கின்றன பாருங்கள். வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் செய்யும் காவல் வேலையை இங்கே டயர் செய்கிறது. கிளட்சை எவ்வளவு முரட்டுத்தனமாக விட்டாலும், டயர் வழுக்கும் அளவைத் தாண்டி ஆக்ஸில் ஷாஃப்டுக்கு முறுக்கு ஏறாது.

நான்கு மூட்டை ஏறியதும் பின்னெடை 1,000 கிலோ. டயரின் பிடி 2,550 ஆகிவிடுகிறது. ஃபியூஸ் கம்பிக்குப் பதில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றியதுபோல. இப்போது கிளட்சைப் பட்டென்று விட்டால், சுழன்றுகொண்டிருக்கும் ஃப்ளைவீலின் வேகம் முழுவதும் ஷாஃப்டில்தான் இறங்கும். அகலமான புது ரேடியல் டயர் போட்டாலும் இதே விளைவு: பிடி கூடும், காவல் குறையும்.

மயிற்பீலியே ஆனாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் ஒரு குறளில் சொல்கிறார். அது ஒரேயடியாக ஏறும் சுமையைப் பற்றிய எச்சரிக்கை. அச்சுக்கு இன்னொரு பகை உண்டு: ஓயாமல் திரும்பத் திரும்ப வரும் சிறு சுமை. 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலின் இஞ்சின் அச்சு ஒன்று ஓட்டத்திலேயே முறிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அச்சு முறிவு விஞ்ஞானத்தின் பொருளாயிற்று. ஸ்காட்லாந்தின் ராங்கின் 1843-இல் முறிந்த அச்சுகளை ஆராய்ந்து, விரிசல் மெல்ல மெல்ல உள்ளே வளர்வதைக் காட்டினார். ஜெர்மனியின் ஆகஸ்ட் வோலர் 1850, 60-களில் ரயில் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி வளைத்துப் பார்த்து, ஒருமுறை தாங்கும் சுமையைவிட மிகக் குறைந்த சுமையே லட்சக்கணக்கான முறை வந்தால் எஃகை முறித்துவிடும் என்று நிறுவினார். உலோகச் சோர்வு என்று நாம் இன்று சொல்வது அதுதான்.

முறிந்த ஷாஃப்டின் முகத்தைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். ஓர் ஓரத்திலிருந்து கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகளைப்போல வரிகள் பரவியிருக்கும். மீதிப் பரப்பு சொரசொரவென்று புதிதாகத் தெரியும். அலைக்கோடு உள்ள பகுதி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் விரிந்தது. சொரசொரப்பான பகுதிதான் அன்றைக்கு வயலில் முறிந்தது. விரிசல் தொடங்கும் இடம் பெரும்பாலும் பல்வரிசை முடியும் விளிம்பு, சாவிக்காடி, அல்லது பழைய துருக்குழி.

இங்கே அச்சின் வகை முக்கியமாகிறது. செமி ஃப்ளோட்டிங் அச்சில் ஷாஃப்ட் முறுக்கையும் தாங்க வேண்டும், வண்டியின் எடையையும் தாங்க வேண்டும். சக்கரம் ஒருமுறை உருளும்போது ஷாஃப்ட் ஒருமுறை மேலும் கீழுமாக வளைகிறது. இந்தக் கார் 2,040 கிலோமீட்டர் ஓடினால் அப்படிப் பத்து லட்சம் வளைவு. லாரிகளில் உள்ள ஃபுல் ஃப்ளோட்டிங் வகையில், எடை முழுவதையும் ஹவுசிங்கின்மேல் உள்ள பேரிங்குகள் தாங்கிக்கொள்ளும். ஷாஃப்டுக்கு முறுக்கும் வேலை மட்டும். லாரியின் பின்சக்கர நடுவில் போல்ட்டுகளோடு துருத்தி நிற்கும் மூடியைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கழற்றினால், சக்கரத்தைத் தூக்காமலே ஷாஃப்டை உருவி எடுக்கலாம். எம்ஜிஏ போன்ற பழைய ஆங்கிலேயக் கார்களின் பான்ஜோ அச்சு இரண்டுக்கும் நடுவில் நிற்கும் முக்கால் ஃப்ளோட்டிங் வகை. வேறு அச்சு வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது, ஷாஃப்ட் முறிந்தால் சக்கரம் வண்டியோடு நிற்குமா என்பதைத்தான்.

ஷாஃப்டைத் தடிப்பாக்கினால்? முறுக்கைத் தாங்கும் பலம் விட்டத்தின் மும்மடியாக வளரும். 30 மில்லிமீட்டரை 33 ஆக்கினால், பத்து விழுக்காடு தடிப்புக்கு 33 விழுக்காடு பலம். நல்ல லாபம்தான். முறிந்ததை வெல்டிங் வைத்து ஒட்டினாலோ, ஒட்டின இடத்தை ஒட்டியே எஃகின் பதம் கெட்டு, அடுத்த விரிசல் அங்கே காத்திருக்கும். ஆக்ஸில் ஷாஃப்டுக்கு ஒட்டுவேலை ஆகாது.

வண்டலூர் வழியில்

நான்குவழிச் சாலையில் சென்னையை நெருங்கினால் வண்டலூர், பெருங்களத்தூர் வட்டாரம். 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா இங்கேதான் கார்களை உருவாக்கியது. பின்னச்சைத் தேர்ந்தெடுப்பது பற்றிய மிக நல்ல பாடம் நம் மண்ணிலேயே இங்கே நடந்தது.

1961-இல் அவர்கள் கொண்டுவந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இங்கிலாந்தின் ட்ரயம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம். அன்றைய நம் சாலைகளில் ஓடிய பெரும்பாலான கார்களில் இல்லாத ஒன்று அதில் இருந்தது: ஸ்விங் அச்சு. இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் இரும்புக் குழல் கிடையாது. கிரவுன் இருக்கும் கூடு சட்டத்தோடு இறுகியிருக்க, இரு பக்க ஷாஃப்டுகளும் தோளிலிருந்து தொங்கும் கைகளைப்போல மேலும் கீழும் ஆடும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றது அசையாது. கனமான கூடும் கிரவுனும் சக்கரத்தோடு சேர்ந்து குதிக்க வேண்டியதில்லை; அதனால் குலுக்கலும் குறைவு.

குறை எங்கே வந்தது? கை ஆடும்போது, அதன் நுனியில் உள்ள சக்கரம் சாய்கிறது. பின்சீட்டில் ஆட்களும் டிக்கியில் மூட்டைகளும் ஏறினால், பின்சக்கரங்கள் இரண்டும் மேற்புறம் உள்வாங்கிச் சாய்ந்து, டயரின் உள்விளிம்பு தேயும். வளைவை வேகமாக எடுத்தாலோ நேர்மாறான ஆபத்து: வெளிச்சக்கரம் தரையை உந்தி வண்டியின் பின்பகுதியை மேலே தூக்க, சக்கரம் உடலுக்கு அடியில் மடங்கப் பார்க்கும், பிடி சட்டென்று குறையும். அமெரிக்காவில் இதே வகை அச்சு கொண்ட செவ்ரலே கார்வேர் காரைக் குறித்து ரால்ஃப் நேடர் 1965-இல் எழுதிய நூல் பெரும் விவாதத்தைக் கிளப்பியது.

ஆறு பேர் ஏறும் காரும், மெக்கானிக்கின் கைப்பழக்கமே காப்பீடாக இருந்த காலமும் கொண்ட நாட்டில், வாங்குகிறவர்கள் பலருக்கு ஸ்விங் அச்சின்மேல் நம்பிக்கை வரவில்லை. 1970-களின் தொடக்கத்தில் ஹெரால்டைத் திருத்தி கேஸல் என்ற காரை உருவாக்கியபோது, நிறுவனம் அதே 948 கன சென்டிமீட்டர் இஞ்சினை வைத்துக்கொண்டு பின்னச்சை மாற்றியது: இரு சக்கரங்களையும் ஒரே குழலில் பிணைக்கும் பழைய பாணி அச்சு.

நவீனத்திலிருந்து பழமைக்குத் திரும்பியதாக இதை நினைக்கத் தோன்றும். எனக்கு இது முதிர்ந்த பொறியியல். சுமை ஏறினாலும் இறங்கினாலும் குழல் அச்சில் சக்கரம் நிமிர்ந்தே நிற்கும். அது முரட்டுத்தனமாகக் குதிக்கும், ஆனால் அதன் நடத்தை மாறாது. எந்த ஊர்ப் பட்டறையிலும் அதைப் பிரித்துக் கோக்க ஆள் இருப்பார். எந்த அச்சு உயர்ந்தது என்று அவர்கள் பார்க்கவில்லை. இந்த வண்டி யாரைச் சுமந்து எந்தச் சாலையில் போகப்போகிறது என்று பார்த்தார்கள். கீழ்பென்னாத்தூர் இளைஞனும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

வேறு அச்சை ஏற்றுவதென்றால்

இனி ஜீப் அச்சுக் கேள்விக்கு வருவோம். பழைய வில்லிஸ் வழி ஜீப்பின் அச்சு உறுதியானது, உண்மை. அதன் விகிதம் 5.38. நம் சக்கரத்தோடு மணிக்கு 80-இல் இஞ்சின் 3,500 சுற்றைத் தொடும். சாலையில் ஓடும் காருக்கு அது கூச்சல். அந்த ஜீப்பின் அச்சில் கிரவுன் இருக்கும் பானை நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். காரில் ஏற்றினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணலாக ஓட வேண்டிவரும். ஷாஃப்டின் முனைகளில் உள்ள யூ ஜாயிண்ட் என்ற மூட்டு கோணத்தில் ஓடினால், ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடியும் இரண்டு முறை குறைந்தும் சுழலும். முன்னும் பின்னும் உள்ள இரு ஜாயிண்டுகளின் கோணமும் சமமாக இருந்தால்தான் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது ஈடுகட்டும். இல்லாவிட்டால் வண்டி முழுவதும் அதிரும்.

எந்த வண்டியின் அச்சானாலும் இன்னும் சில அளவுகள் பொருந்த வேண்டும். சக்கர இடைவெளி அதிகமானால் டயர் மட்கார்டில் உரசும். ஸ்பிரிங் பட்டை உட்காரும் இருக்கைகளின் இடைவெளி மாறினால், ஹவுசிங்கில் புது இருக்கை வெல்டிங் வைக்க வேண்டும். சூட்டில் குழல் மயிரிழை வளைந்தாலும் பேரிங்கும் ஆயில் சீலும் ஓயாமல் கெட்டுக்கொண்டே இருக்கும். பின் பிரேக்கின் அளவு முன் பிரேக்கோடு இசையாவிட்டால், அழுத்தியதும் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி குறுக்கே சுழலும். ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து ஓடுவதால், 4.875-ஐ 3.909 ஆக்கினால் முள் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 75-இல் போய்க்கொண்டிருக்கும். இதைத் திருத்தாமல் வண்டியைச் சாலையில் எடுக்கவே கூடாது.

இதோடு சட்டமும் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதோடு முரண்படும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் கெடாத கார்களுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனிப் பதிவு தரும் விதி 2021-இல் வந்தது. 1970-களின் கார்கள் இப்போது அந்த வயதை எட்டுகின்றன. மாற்றும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதும், கழற்றிய மூலப் பாகங்களை எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்துவதும் அவசியம்.

முறியவே முறியாத அச்சு என்ற கேள்விக்குள் ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. இஞ்சினிலிருந்து டயர்வரை விசை போகும் பாதை ஒரு சங்கிலி. அதில் ஏதோ ஒரு கண்ணி எப்போதும் மெலிந்ததாகவே இருக்கும். அச்சைத் தடித்த இரும்பாக்கினால் மெலிவு யூ ஜாயிண்டுக்கு நகரும், அதையும் மாற்றினால் கியர்பாக்ஸுக்கு நகரும். அதனால் வண்டியைத் திருத்துகிறவர் கேட்க வேண்டியது: அளவு மீறும்போது முதலில் எது விட்டுக்கொடுக்க வேண்டும்? என் பதில், டயர் வழுக்கட்டும். அதுதான் செலவில்லாதது. அதற்கு அடுத்து கிளட்ச். சக்கரம் கழன்று ஓடக்கூடிய இடத்தில் மெலிவு ஒருநாளும் நிற்கக் கூடாது.

எழுதி வையுங்கள்

அந்த இளைஞனின் காருக்கு என்ன செய்யலாம்? இஞ்சின் பழையதே என்றால் பழைய விகிதமே இருக்கட்டும். ஒரே எண் பொறித்த கிரவுன், பினியன் ஜோடி, புதிய பேரிங்குகள், புதிய சீல்கள். பல்லில் மார்க்கிங் பெயிண்ட் தடவிச் சுற்றி, தொடும் தழும்பு பல்லின் நடுவில் விழும்வரை பொறுமையாக ஷிம் என்ற மெல்லிய தகடுகள் வைத்துச் சரிசெய்ய வேண்டும். ஆக்ஸில் ஷாஃப்டுகளின் பல்வரிசை ஓரத்தில் விரிசல் இருக்கிறதா என்று சாயம் ஊற்றிச் சோதிக்க வேண்டும்.

எண்ணெய் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. இந்த அச்சில் பினியன், கிரவுனின் மையத்துக்குக் கீழே தாழ்ந்து இருக்கும். 1920-களில் அமெரிக்காவின் பேக்கார்டு கார்களில் பரவத் தொடங்கிய இந்த ஹைபாய்ட் அமைப்பால் காரின் தரையைத் தாழ்த்த முடிந்தது. ஆனால் பற்கள் உருள்வதோடு சறுக்கவும் செய்வதால், சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஹைபாய்ட் ஆயில்தான் பல்லின் மேல் ஒரு காப்பு ஏட்டை உருவாக்கும். '90 ஆயில்' என்று மட்டும் கேட்டு வாங்கினால் போதாது. டின்னில் ஜிஎல்-5 என்று இருக்கிறதா பாருங்கள். அதையே கியர்பாக்ஸிலும் ஊற்றிவிடாதீர்கள். அதில் உள்ள பித்தளை வளையங்களை அது அரிக்கக்கூடும்.

எல்லாம் முடிந்து ஹவுசிங்கைத் துடைத்து வண்ணம் அடித்த பிறகு ஒரு வேலை பாக்கி. கூட்டின் மேல்பக்கம், சேறு படாத இடத்தில், வெள்ளை பெயிண்டால் பல் எண்ணிக்கையையும் தேதியையும் எண்ணெயின் தரத்தையும் எழுதி வையுங்கள்: 8/39, இன்ன தேதி, ஜிஎல்-5. அடுத்து இந்தக் காரின் அடியில் படுக்கப்போகிறவர் இன்றைக்குப் பிறந்தே இருக்க மாட்டார். அந்த மூன்று விவரமும் இருந்தால் அவர் ஊகிக்க வேண்டியதில்லை, எதையும் வெட்ட வேண்டியதில்லை. பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு ஒருமுறை மலையைச் சுற்றி வாருங்கள். ஊளை அடங்கிய அந்தக் கூட்டுக்குள் சிறு பற்சக்கரங்கள் வளைவுக்கு வளைவு மெல்ல உருண்டு, இடச்சக்கரத்துக்கு அந்த நான்கு சுற்றைக் கூட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கும்.